காக்கா ஆழியும் நம்ம கடையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, "வஞ்சிரத்துல நடுத்துண்டா எடுத்து வைங்க, வாக்கிங் முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் சார்களே,

வணக்கம். பத்து நாளாக நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களில் பாதிப்பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள், "பார்த்தீங்களா?" என்று கேட்டு. பார்த்தேன். படத்தில் இருப்பது நம்ம கடைப் பலகைதான், மறுக்கவில்லை. அதில் மூன்று புகார். நாம் விற்ற பச்சை ஆழியில் (பாறையில் ஒட்டி வளரும் சிப்பி வகை) வெளிநாட்டிலிருந்து வந்த காக்கா ஆழி கலந்திருந்தது என்பது ஒன்று. காக்கா ஆழி விஷம் என்பது இன்னொன்று. மூன்றாவது, ஆழி கழுவிய தண்ணீரைக் கால்வாயில் ஊற்றி, இந்த வெளிநாட்டுச் சனியனைத் தென் சென்னைக்குப் பரப்புவதே நாங்கள்தான் என்பது.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு ஞாயிறு மட்டும் கோவளத்துச் சரக்கு பத்தவில்லை. வடக்குப் பக்கமிருந்து இரண்டு கூடை வாங்கினோம், அதில்தான் காக்கா ஆழி கலந்திருந்தது, ஊர்ப் பெயர் ஸ்டிக்கரையும் மாற்ற விட்டுப்போனது. கேட்டவர்களுக்கெல்லாம் பணம் திருப்பிக் கொடுத்தாயிற்று. சரி.

என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த மூன்றாவது.

நம்ம கடையில் ஒளிவு மறைவு கிடையாது, வெட்டும் மேடை உங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறது. ஆழி மூட்டை வந்ததும் தொட்டியில் கொட்டி மெட்ரோ தண்ணீரில் அலசுவோம். ஓட்டின் மேல் ஏறியிருக்கும் சுண்ணாம்புப் பொருக்கைக் கத்தியின் முதுகால் சுரண்டுவோம். அப்புறம் ஓட்டு விளிம்பில் பழுப்பு நாராக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தாடி என்போம். துணியால் பிடித்து, ஓட்டின் கூர்முனைப் பக்கம் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒரு கிலோவுக்குத் தாடி எடுக்கவே கால் மணி நேரம் ஆகும், விரல் எரியும். கழுவிய தண்ணீர் பாதாளச் சாக்கடைக் குழாயில் இறங்குகிறது. கால்வாய் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அந்தக் கால்வாய்த் தண்ணீரில் கொசுவைத் தவிர எதுவும் குடித்தனம் நடத்தி நான் பார்த்ததில்லை. ஒரு வாளித் தண்ணீரில் கடல் உயிரினம் ஊர் விட்டு ஊர் போகுமென்றால், காசிமேட்டில் விடியற்காலையில் ஊற்றும் தண்ணீருக்குச் சென்னை முழுக்க நண்டு நடந்து போக வேண்டும்.

நான் பத்தாவது தாண்டாதவன். ஆனால் வீம்பு வந்தால் படிப்பேன். பத்து நாளும் கடை சாத்திய பிறகு இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாடியிலேயே பாதிக் கதை இருக்கிறது. ஆழி தன் காலால் சுரக்கும் நார் அது. பாறை, மரக்கட்டை, கான்கிரீட் தூண், கப்பலின் அடிப்பக்கம், எது கிடைத்தாலும் அந்த நாரால் பிடித்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட கப்பல் எந்தத் துறைமுகத்தில் போய் நிற்கிறதோ, அங்கே முட்டையும் விந்தும் தண்ணீரில் விடும். குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு. இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து, அப்புறம் ஒரு இடம் பார்த்து உட்காரும்.

மிச்சக் கதை கப்பலின் வயிற்றில். சரக்கை இறக்கிய கப்பல் லேசாகிவிடும், கடலில் ஆடும். அதனால் அடித்தொட்டிகளில் கடல்தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்தத் தண்ணீரை வெளியே விடும். எடுத்த இடத்து ஆழிக்குஞ்சு, நண்டுக்குஞ்சு, சொறி (ஜெல்லி மாதிரி மிதக்கும் கடல் ஜீவன்) எல்லாம் விட்ட இடத்தில் இறங்கிவிடும். இதற்காகவே சர்வதேச கடல்சார் அமைப்பு 2004ல் ஒரு ஒப்பந்தம் போட்டது, 2017 செப்டம்பரில்தான் அது அமலுக்கு வந்தது. அதன்படி கப்பலிலேயே தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும். ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணீரில், ஐம்பது மைக்ரானும் (ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிருள்ள ஜீவன் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று கணக்கு. அவர்கள் பேசுவது ஆயிரக்கணக்கான டன் தண்ணீரைப் பற்றி. என் தொட்டி நாற்பது லிட்டர்.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நெத்திலிக் கணக்கு ஒன்று. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த சீப்புச் சொறி 1980களின் தொடக்கத்தில் கருங்கடலில் தென்பட்டது, கப்பல் தண்ணீரில் வந்தது. அது மீன் முட்டையையும் தின்றது, மீன்குஞ்சு தின்னும் நுண்ணுயிரையும் தின்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நம் நெத்திலிக்கு உறவுக்கார மீன் ஒன்று அங்கே வலையில் விழுவதே அடியோடு சரிந்தது. கூடுதலாகப் பிடித்ததும் ஒரு காரணம்தான், பழி முழுவதையும் சொறி மேல் போட முடியாது. 1997ல் அதைத் தின்னும் இன்னொரு சொறி அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் நிலைமை தேறியது. அதுவும் யாரும் அழைத்து வந்ததில்லை.

கப்பல் இல்லாமலும் போகும். 2011ல் ஜப்பானில் சுனாமி வந்ததே, அதில் அறுந்துபோன ஒரு படகுத்துறை மேடை பதினைந்து மாதம் பசிபிக்கில் மிதந்து, 2012 ஜூனில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் ஒதுங்கியது. மேலெல்லாம் உயிரோடு ஆழி, கொட்டை கொட்டையாகச் சிப்பி. அடுத்த சில வருடங்களில் அப்படி ஒதுங்கிய குப்பைகளில் 289 ஜப்பானிய உயிரினங்களை எண்ணினார்கள். மரக்கட்டை என்றால் நடுவழியில் மக்கிப்போகும். பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் மக்குவதில்லை, அதுதான் வித்தியாசம்.

இப்போது நம் காக்கா ஆழிக்கு வருவோம். புத்தகத்தில் மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்று பேர். பூர்விகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று பார்த்துவிட்டு, கேரளத்துக் காயல்களிலும் ஏறிவிட்டது. அங்கே அதற்கு வரத்தன் கக்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள், வந்தேறி என்று பொருள். விஷம் என்பது புரளி, அங்கே விற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். எந்த ஆழியானாலும் தண்ணீரை வடிகட்டித் தின்பது, ஆகையால் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதுதான் கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் காக்கா ஆழி செய்திருப்பது வேறு விதமான கேடு. ஆற்றடி மண்ணை ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிவிடுகிறது. மட்டிக்கு மூச்சு முட்டுகிறது, இறால் மண்ணுக்குள் புதைய இடமில்லை. பழவேற்காட்டுப் பக்கமிருந்து நமக்கு ஆற்று இறால் கொண்டு வரும் அக்காவை உங்களில் சிலருக்குத் தெரியும். தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர். போன மாதம் காசு எண்ணிக் கொடுக்கும்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை கீறல், சிலது ஆறி, சிலது ஆறாமல். "கையை விட்டா இறாலுக்குப் பதிலா ஓடுதான் தம்பி வருது" என்றார். செய்தி அனுப்பியவர் இவருக்காகக் கோபப்பட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன்.

எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் டார்வினில் 1999ல் இதே மாதிரி ஒரு கருவரி ஆழி படகுத்துறைகளில் புகுந்தது. உடனே மதகை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் கொன்று ஒழித்தார்கள். அது பூட்டு போட்ட குளம் மாதிரியான இடம், அதனால் முடிந்தது. அதே ஆழி விசாகப்பட்டினத்தில் 1967லிருந்தே இருக்கிறது. ஓடுகிற ஆற்றில், ஜனங்கள் மீன் பிடிக்கிற தண்ணீரில், மயில்துத்தம் கொட்ட முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நாம் தொக்கு வைத்துச் சாப்பிடும் பச்சை ஆழி இந்த ஊர்க்காரன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்தண்ணீர் எடுக்கும் சுரங்கத்தில் அப்பி, அவர்களுக்குத் தீராத தலைவலி கொடுப்பவன். அவனே 1990ல் டிரினிடாட் தீவிலும், 1999ல் ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவிலும் போய் இறங்கியிருக்கிறான். அங்கேயும் முதலில் மாட்டியது மின் நிலையக் குழாயில்தான். அந்த ஊர் வாட்ஸ்அப்பில் எந்த மீன்கடைக்காரர் மாட்டினாரோ.

வெளிநாட்டு ஜீவன் என்றாலே கூடாது என்பவர்கள் நம்ம கடையில் அதிகம் போகும் வனாமி இறாலையும் விட்டுவிட வேண்டியிருக்கும். அது மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்தது. 2009ல் அரசு அனுமதி கொடுத்த பிறகு முறையாக வந்தது. தாய் இறால்களை நம்ம நீலாங்கரையிலேயே தனியாக வைத்து, நோய் சோதித்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். காக்கா ஆழி யாரிடமும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

இனி அடையாளம். பச்சை ஆழியின் ஓட்டு விளிம்பு பளிச்சென்று கிளிப்பச்சையாக இருக்கும், உள்பக்கம் வெள்ளை மினுமினுப்பு. காக்கா ஆழி சிறியது, பெரும்பாலும் கருப்பு அல்லது காபிப் பழுப்பு, உள்பக்கம் கத்தரிப்பூ நிறம் அடிக்கும். சிலதில் வெளியே பச்சைச் சாயல் வருவதுண்டு, அவசரத்தில் ஏமாந்துவிடுவோம். எங்கள் பையனும் ஏமாந்தான், நானும்தான்.

இந்தப் பத்து நாளில் கடைக்கு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், வழக்கம்போல் சங்கரா அரைக்கிலோ வாங்கிப் போனவர்களை மறக்க மாட்டேன். மிக்ஜாமின்போது முழங்கால் தண்ணீரில் நம்ம ஃப்ரீசரை நான்கு பேராகத் தூக்கி மாடிப்படியில் வைத்தவர்களும் நீங்கள்தான். தடைக்காலத்தில் மீன் இல்லாதபோதும் கருவாடாவது கொடுங்கள் என்று வந்து நிற்பவர்கள் நீங்கள். புரட்டாசியில் சும்மா எட்டிப் பார்த்து நலம் விசாரித்துப் போகும் மாமிக்கும் நன்றி. அவர் எதுவும் வாங்குவதில்லை, ஆனால் செய்தியைப் பரப்பியவரிடம் எனக்காகச் சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இனிமேல் ஆழி சனி, ஞாயிறு மட்டும்தான், அதுவும் முதல் நாள் மாலைக்குள் சொல்லி வைத்தால். ஓட்டோடு உங்களிடம் காட்டிவிட்டுத்தான் தாடி எடுப்போம். எடுத்த ஊர் பெயரைக் கரும்பலகையில் கையாலேயே எழுதிவிடுகிறேன், ஸ்டிக்கர் இனி வேண்டாம். தாடி எடுக்கும் கூலி கிலோவுக்கு 20 ரூபாய் கூடுகிறது, ஆள் கிடைக்கவில்லை. கடம்பா, இறால் சுத்தம் செய்யும் கூலி பழையபடிதான்.

கழுவும் தொட்டியை, அது இறங்கும் குழாயை நேரில் பார்க்க விரும்புபவர்கள் பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். செருப்போடு உள்ளே வர வேண்டாம், தரை வழுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மீன்கடைக்காரர்