கர்லிங்குக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்கால ஒலிம்பிக் என்றாலே பதக்கப் பட்டியலோடு முடித்துவிடுகிறீர்கள். ஈவ் முயர்ஹெட் போன்ற ஒருவரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதக் கூடாதா?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர் கர்லிங் வீராங்கனை. இருபது கிலோவை நெருங்கும் கிரானைட் கல்லைப் பனித்தளத்தில் வழுக்கிவிட்டு, வட்டத்தின் நடுவுக்கு அருகில் நிறுத்த வேண்டும். கேரம் ஆடுபவரின் கணக்கு தெரிய வேண்டும், முன்னால் தேய்த்துக்கொண்டே ஓடத் துடைப்பத்தோடு தோழிகளும் வேண்டும்! அணித் தலைவிதான் பெரும்பாலும் கடைசிக் கல்லை விடுவார்; அந்தத் தலைவி இவர்தான்.

2013இல் உலக சாம்பியன், 2014 சோச்சியில் வெண்கலம். அப்புறம்தான் சோதனை. 2018 பியோங்சாங்கில் ஜப்பானுடனான வெண்கலப் போட்டியில் இவருடைய கடைசிக் கல் குறி தவறி, பதக்கம் போனது. அதே ஆண்டு இடுப்பில் அறுவை சிகிச்சை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இவருடைய அணிக்கு நேரடித் தகுதிகூடக் கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் தகுதிச் சுற்று ஆடித்தான் நுழைந்தார்கள். அங்கே அரையிறுதியில் ஸ்வீடனைக் கூடுதல் சுற்றில் 12-11 என வென்று, இறுதியில் அதே ஜப்பானை 10-3 என்று வீழ்த்தினார்கள். பிரிட்டனுக்கு அந்த ஒலிம்பிக்கில் கிடைத்த ஒரே தங்கம் அது. சில மாதங்களில், 32 வயதில் ஓய்வு அறிவித்துவிட்டார்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐபிஎல் ஏலத்துக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்களே!

- ஒரு வாசகி, மதுரை