நல்ல நாளில் ஊர் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியேறத் தகுந்த ஊர்கள் என்று பத்து, இருபது பெயர்களை வரிசைப்படுத்தும் கட்டுரைகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, விடுமுறை கிடைத்ததும் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கே வசிப்பது என்று தேடிய நானும் என் கணவரும் அப்படிக் கிளம்பியவர்கள்தாம். அந்தப் பயணத்தை முதல் முறை முற்றிலும் தவறாகச் செய்தோம் என்பதால், எங்களுக்குப் பின்னால் கிளம்புகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

வெயிலின் கடுமை தணிந்து, மழையும் இன்னும் பிடிக்காத ஒரு பருவத்தில், ஒன்பது நாட்களில் ஆறு ஊர்களைப் பார்த்தோம். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவு தங்கினோம். திரும்பி வந்து நான் எழுதியிருந்த குறிப்பேட்டைப் புரட்டியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மலைச்சரிவில் மேகம் இறங்கிய அழகு, விடுதி அறையின் சன்னல் வழியே தெரிந்த ஏரி, மாலைக் காற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேனே தவிர, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரே ஓர் ஊரைப் பற்றிக்கூட எழுதியிருக்கவில்லை. குடியிருக்க இடம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு நாங்கள் சுற்றுலா போய் வந்திருக்கிறோம்.

ஆறில் ஓர் ஊர் எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்துப் போய், ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. மழைக்காலத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று பிடிவாதம் பிடித்தவர் என் கணவர். எனக்கு அது வீண் அலைச்சலாகவே பட்டது. போனோம். ஊருக்குள் நுழையும் ஒரே சாலையில் இருந்த தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பயணத்தில் அதைத் தாண்டியபோது அப்படி ஒரு பாலம் இருப்பதையே நாங்கள் கவனிக்கவில்லை. இக்கரையில் எங்களோடு காத்திருந்த பெரியவர் ஒருவர், “இது வருசா வருசம் வர்றதுதாங்கம்மா, மூணு நாள்ல வடிஞ்சிடும்” என்று சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு அது பழகிய மூன்று நாள். மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய எங்களுக்கு அந்த மூன்று நாள் எப்படி இருக்கும் என்பதை அங்கேயே காரில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத் திரும்பினோம்.

நல்ல பருவத்தில் போனதும், அழகில் மயங்கியதும் எங்கள் அறியாமை மட்டுமன்று. மனித மனமே அப்படித்தான் கணக்குப் போடுகிறது. டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களிடமும், தட்பவெப்பத்துக்குப் பெயர்பெற்ற கலிபோர்னியாவின் தென்பகுதி மாணவர்களிடமும் வாழ்க்கையில் எவ்வளவு நிறைவாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இரு தரப்பினரின் நிறைவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் கலிபோர்னியாவில் வசிப்பவர்கள்தாம் அதிக நிறைவோடு இருப்பார்கள் என்று இரு தரப்பினருமே ஊகித்திருந்தார்கள். இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது எது கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபடுகிறதோ அதற்கே மனம் அளவுக்கு மீறிய இடம் கொடுத்துவிடுகிறது. குடியேறிய பிறகோ நம் நாளைத் தீர்மானிப்பவை வேறாக இருக்கின்றன. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நாம் சொல்லி வந்ததைத்தான் அவர்கள் அளந்து பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அந்த ஊரின் மிக மோசமான பருவத்தைத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. வெள்ளம் வரும் ஊரை மழையில் பாருங்கள்; தண்ணீர் வற்றும் ஊரைக் கோடையின் கடைசி வாரங்களில் பாருங்கள்; குளிர் வாட்டும் ஊரைக் குளிரில் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். அது மிகும்போது என்ன ஆகும், குறையும்போது என்ன ஆகும் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். “இங்கே நூறாண்டு வெள்ளம்தான் வரும்” என்று யாராவது சொன்னால், நம் காலத்தில் வராது என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 100-க்கு 1 வாய்ப்புள்ள வெள்ளத்தைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். அதே வீட்டில் 30 ஆண்டுகள் வசித்தால், அந்த வெள்ளத்தை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல். இதற்குப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டியதில்லை. தெருவில் நடந்து போனால் சுவர்களில் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கிய கறை, மற்ற வீடுகளைவிடத் தரையை வெகுவாக உயர்த்திக் கட்டப்பட்ட புதிய வீடுகள், இடுப்பளவு உயரத்தில் பொருத்தப்பட்ட மின்மோட்டார்கள் ஆகியவை அந்த ஊரின் வெள்ளக் கணக்கைச் சொல்லிவிடும். தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை அறியவும் அப்படியே. குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பையும், நீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் உட்புறத்தையும், சோப்பு நுரைக்க எவ்வளவு நேரமாகிறது என்பதையும் கவனித்தால், கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரா இல்லையா என்பது விளங்கிவிடும். பாத்திரத்தைப் பார்க்க யாராவது வீட்டுக்குள் அழைக்க வேண்டுமே என்று கேட்கலாம். உண்மையில், கேட்டால் அழைக்கிறார்கள்.

அடுத்தது இரவு. ஊர் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வீட்டைப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் போய்த் தூங்கிவிடுகிறார்கள். வாங்கப்போகும் வீட்டுத் தெருவில் இரவு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப்போகக் குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்பதால், அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவுவரை வருகிறது. பகலில் காதில் விழாத நெடுஞ்சாலை நள்ளிரவில் சன்னலுக்கு வெளியே ஓடுவதுபோல் கேட்பதற்கு இதுவே காரணம். வீட்டுக்கு வெளியே இரவு இரைச்சலின் ஆண்டுச் சராசரி 40 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் 2009ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. கையில் கருவி இல்லாவிட்டாலும், இரவு இரண்டு மணிக்கு அந்தத் தெருவில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்தால் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். (நாங்கள் உட்கார்ந்தபோது ஒருவர் வந்து யார், என்ன என்று விசாரித்தார். அந்தத் தெருவின் பாதுகாப்பைப் பற்றியும் அதிலேயே ஒரு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.)

இரவில் ஒலிக்குக் கூரை போடும் அதே காற்றடுக்கு விடியற்காலையில் புகைக்கும் கூரை போடுகிறது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஊர்களில் அடுப்புப் புகை, வாகனப் புகை, குப்பை எரிக்கும் புகை எல்லாம் வெயில் ஏறும்வரை கலையாமல் தேங்கி நிற்கும். படத்தில் பார்க்க அது பனிமூட்டம்போல் அழகாகத்தான் இருக்கும். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2005ஆம் ஆண்டு சொன்ன உலக சுகாதார அமைப்பு, 2021ஆம் ஆண்டு அந்த வரம்பைப் பாதியாகக் குறைத்து 5 என்று ஆக்கியது. நுரையீரல் நோய் உள்ளவர்கள் குடும்பத்தில் இருந்தால், ஊரைப் பற்றிய முடிவை விடியற்காலை நடைக்குப் பிறகே எடுங்கள்.

மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்று கேட்டால் நிலத் தரகர் உட்பட எல்லோரும் கிலோமீட்டரில் பதில் சொல்வார்கள். நமக்குத் தேவை மணிக் கணக்கு. இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கும் முன்பாக, மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். எனவே அருகில் ஒரு மருத்துவமனை இருந்தால் மட்டும் போதாது, ஸ்கேன் வசதி இரவிலும் இயங்கும் மருத்துவமனை எத்தனை நேரத்தில் எட்டும் என்பதுதான் கேள்வி. அந்தச் சாலையில் இருட்டிய பிறகு ஒரு முறை காரை ஓட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த விடை எதுவும் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் வார நாளில், காலை நேரத்தில், வேலையிடம்வரை அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டும். மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் போக்குவரத்துக்குச் செலவிடுகிறார்கள் என்றும், வாகனத்தின் வேகம் கூடியபோதெல்லாம் அந்த நேரத்தை மிச்சப்படுத்தாமல் தொலைவைத்தான் கூட்டிக்கொண்டார்கள் என்றும் இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994ஆம் ஆண்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது நிமிடத்தில் போய்வந்த சாலையை வைத்து முடிவெடுத்தவர்கள் பலர் பிறகு அந்த ஒரு மணி நேரத்தை ஒரு வழிக்கே செலவிடுகிறார்கள்.

பள்ளி, வங்கி, கைபேசி அலைவரிசை ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் தாமாகவே விசாரித்துவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

யாரிடம் விசாரிப்பது என்பதில் மட்டும் எங்கள் அனுபவம் உதவக்கூடும். ஊரில் வீடு வைத்திருப்பவர் தன் ஊரைக் குறைத்துப் பேசமாட்டார். விற்க வந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். அவர்களைவிடவும் பயனுள்ளவர்கள், அந்த ஊருக்குக் குடிபோய்ச் சில ஆண்டுகளில் திரும்பி வந்தவர்கள். எர்னஸ்ட் ரேவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்து 1885ஆம் ஆண்டு வெளியிட்ட இடப்பெயர்வு விதிகளில், ஓர் இடத்தை நோக்கி மக்கள் பெருமளவில் போகும்போதெல்லாம் அங்கிருந்து திரும்பி வரும் எதிரோட்டம் ஒன்றும் உண்டாகிறது என்பதும் ஒன்று. குடியேறுகிறவர்களைப் பற்றி எழுதுவோர் அந்த எதிரோட்டத்தை ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படித் திரும்பிய ஒரு தம்பதியிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசியதில் நாங்கள் தெரிந்துகொண்டது, அந்த ஊரில் இரண்டு நாள் சுற்றியும் தெரியாதது: வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றின் நிழல் குளிர்காலம் முழுவதும் மதியத்துக்கு மேல் வீட்டின் மீது விழுந்துகொண்டே இருந்ததாம். உயரம் கூடக் கூட, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பதைக் கணக்கிட்டுப் போயிருந்த அவர்கள், வெயில் விழும் திசையைக் கணக்கிட்டிருக்கவில்லை. அந்த அம்மையாரின் மூட்டுவலியே அவர்களைத் திரும்பி வர வைத்தது.

பயணம் செய்யும் முறையைப் பற்றியும் ஒன்று. ஒன்பது நாளில் ஆறு ஊர் என்று நாங்கள் ஓடியதுபோல் ஓடாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் காரை ஓட்டுவது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையில் வீட்டைப் பற்றி முடிவெடுப்பதும் அப்படியே. இரண்டாம் பயணத்தில் ஓர் ஊருக்கு மூன்று இரவு என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வோர் இரவும் பேசிக்கொள்வதற்கு முன்னால், ஒரே கேள்விகளுக்கு இருவரும் தனித்தனியாக விடை எழுதி, பிறகுதான் தாள்களை மாற்றிக்கொண்டோம். முதல் பயணத்தில் அவருக்குப் பிடித்திருக்கிறதே என்று நானும், எனக்குப் பிடித்திருக்கிறதே என்று அவரும் தலையாட்டிய ஊர்கள் இரண்டு இருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்துக்குப் பிறகு!

தங்களிடம் ஒரு வேண்டுகோள். குடியேறத் தகுந்த ஊர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, எழுதியவர் அந்த ஊருக்கு எந்த மாதத்தில் போனார், எத்தனை இரவு தங்கினார் என்பதையும் கட்டுரையின் அடியில் அச்சிடுங்கள். முடிந்தால், அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குடிபோனவர்களில் ஓரிருவரை ஓராண்டு கழித்துச் சந்தித்து, அவர்கள் சொல்வதையும் வெளியிடுங்கள். திரும்பி வந்துவிட்டவர்கள் கிடைத்தால் அவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

நாங்கள் இப்போது வேறோர் ஊரில், வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்தாயிற்று. வீடு வாங்கும் பேச்சை என் கணவர் மெல்ல எடுக்கத் தொடங்கியிருக்கிறார். இன்னும் ஒரு மழை போகட்டும் என்று இந்த முறை பிடிவாதம் பிடிப்பது நான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி