எண்ணச் சுழற்சி நோய்: ஆலோசகர்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓ.சி.டி. என்று மருத்துவர்கள் குறிப்பிடும் எண்ணச் சுழற்சி நோய் என்றதும், ஓயாமல் கை கழுவுபவர்களும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவர்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். உளவியல் ஆலோசகர்களிலும் சிலர் அவ்வளவோடு நின்றுவிடுகிறார்கள் என்பதை என் மகள் விஷயத்தில் கண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பிரசவமான இரண்டாவது மாதத்தில், பெற்ற குழந்தையைத் தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் அவளை விடாமல் பற்றிக்கொண்டது. அரிவாள்மனையைப் பரண்மேல் ஏற்றச் சொன்னாள், குழந்தையோடு தனியே இருக்க அஞ்சினாள், "நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன்தானே அம்மா?" என்று நாளுக்கு இருபது முப்பது தடவை கேட்டாள். நாங்கள் நாடிய ஆலோசகர் இதை மனச்சோர்வு என்று முடிவு செய்து, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்து, "நீங்கள் அப்படிச் செய்யவே மாட்டீர்கள்" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் தைரியம் சொன்னார். அவர் கனிவானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆறுதல் அரைமணி நேரம்கூட நிற்காமல், அதையே மறுபடி மறுபடி கேட்கும்படி அவளைத் துரத்தியது. ஆறுதல் கேட்பதே இந்நோயின் ஒரு சடங்கு, அதாவது பதற்றத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல், என்பதையும், பதில் சொல்லிச் சொல்லி நானும் அதை வளர்த்திருக்கிறேன் என்பதையும், ஓராண்டு கழித்து ஒரு மனநல மருத்துவர் விளக்கிய பிறகே அறிந்தேன்.

இதற்கான சிகிச்சை புதிதன்று. அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைத்து, பதற்றம் எழுந்தாலும் வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறையை, விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-லேயே பதிவு செய்திருக்கிறார். மருந்தும் உதவும், ஆனால் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவும், பலன் தெரிய 8 முதல் 12 வாரப் பொறுமையும் பெரும்பாலும் தேவைப்படும். இது தெரியாமல் மூன்றாம் வாரமே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

தெய்வத்தைப் பழிக்கும் எண்ணம், முறைகேடான பாலுறவு எண்ணம் ஆகியவையும் இந்நோயில் வரும் என்பதால், கேட்டாலொழிய நோயாளி வாய் திறக்கமாட்டார். இந்நோயின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 1989-இல் வெளியான யேல்-பிரௌன் அளவுகோலின் அறிகுறிப் பட்டியலில் இவையெல்லாம் இருக்கின்றன. அந்த எண்ணங்களைக் கண்டு நோயாளியே நடுங்குகிறார் என்பதைக் கவனிக்காமல், அவரை ஆபத்தானவராகக் கருதிக் குழந்தையிடமிருந்து பிரிப்பது கொடுமை. அதே வேளையில், உண்மையிலேயே அவசரச் சிகிச்சை தேவைப்படும் பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோயிலிருந்து (சைக்கோசிஸ்) இதைப் பிரித்தறியவும் ஆலோசகருக்குப் பயிற்சி வேண்டும்.

ஆகவே, உளவியல் மற்றும் சமூகப்பணி முதுகலை வகுப்புகளிலும், மாவட்ட மனநலத் திட்டப் பணியாளர்களுக்கும், அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் எண்ணில் (14416) ஆலோசனை சொல்பவர்களுக்கும், இச்சிகிச்சையை அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் செய்து பழகும் பயிற்சி தரப்பட வேண்டும் என அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, முதல் சந்திப்பிலேயே ஆலோசகர்கள் இவ்விரண்டையும் கேட்கட்டும்: "வெளியே சொல்லக் கூசுகிற எண்ணம் ஏதாவது திரும்பத் திரும்ப வருகிறதா? வந்ததும் அதைத் தணிக்க என்ன செய்கிறீர்கள்?"

இப்படிக்கு,
ஒரு தாய்,
தஞ்சாவூர்.