போர்ச்சுகல் செல்லவிருக்கும் நண்பருக்கு

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஓய்வு பெற்ற கையோடு அண்ணியாரை அழைத்துக்கொண்டு போர்ச்சுகல் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், உங்கள் முழங்காலை நினைத்தால்தான் எனக்குத் தயக்கம். லிஸ்பன் முழுக்க ஏற்ற இறக்கம். நடைபாதைகளில் வெள்ளையும் கறுப்புமான சிறு கற்களைக் கோலம் போலப் பதித்திருக்கிறார்கள்; கால் பட்டுப் பட்டு அவை வழவழத்துப் போயிருக்கின்றன. தூறல் விழுந்த ஒரு காலையில் நான் வழுக்கி விழுந்தே விட்டேன்.

ஆற்றங்கரையில், 1501இல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடத்தை அவசியம் பாருங்கள். கொச்சியில் 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை இன்று அங்கேதான் இருக்கிறது. அதன் முன் நின்றபோது, நம் மேற்குக் கரையில் அவர் செய்த கொடுமைகளே எனக்கு நினைவுக்கு வந்தன.

நான் நெடுநேரம் நின்றது மேட்டின்மேல் இருக்கும் கார்மோ மடத்தில். 1755 நவம்பர் 1ஆம் நாள், திருவிழா வழிபாட்டுக்காக மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் நிலநடுக்கம் வந்தது. ஆழிப்பேரலையும் தீயும் மிச்சத்தைக் கொண்டுபோயின. அன்று விழுந்த கூரையை அந்தத் தேவாலயத்துக்கு இன்னும் போடவில்லை. வளைவுகள் மட்டும் விலா எலும்புகளைப் போல வானத்துக்குக் கீழே நிற்க, புறாக்கள் அவற்றினூடே பறந்து திரிகின்றன. கீழே, பொம்பால் என்ற அமைச்சர் நேர்நேரான தெருக்களாகத் திரும்பக் கட்டிய பகுதியிலோ, அடுத்த நடுக்கத்தைத் தாங்கட்டும் என்று சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டு போலப் பின்னி வைத்திருக்கிறார்கள்.

மொழியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். விடுதிக்கார அம்மாள் சாவியைக் கொடுத்து ‘ஷாவ்’ என்றும் ஜன்னலைத் திறந்து ‘ஜனேலா’ என்றும் சொன்னபோது, நம் வீட்டுச் சொற்கள் கப்பலேறி வந்த கதை புரிந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியதும் 1554இல் அதே லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில்.

ஆனாலும் நகரத்திலேயே நாட்களைக் கழித்துவிடாதீர்கள். தெற்கே அலென்டெஜோ சமவெளியில் தக்கை மரங்களைப் பாருங்கள். பட்டை உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் இருக்கும். அதில் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண் எழுதியிருக்கும். நான் தொட்டுப் பார்த்த மரத்தில் 7 என்றிருந்தது: 2017இல் உரித்தது, ஒன்பது ஆண்டு கழியாமல் மறுபடி கத்தி படாது என்று பொருள். மரம் ஏறக்குறைய 25 வயதானால்தான் முதல் உரிப்பு. புட்டி மூடிக்கு ஏற்ற நல்ல தக்கை மூன்றாம் உரிப்பில்தான் கிடைக்குமாம். அதாவது, கன்றை நட்டவர் கிழவராகும்வரை காத்திருக்க வேண்டும். காசு பார்க்க இவ்வளவு பொறுமையா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

கோடை வெயில் அங்கே கடுமை; ஏப்ரல், மே மாதங்கள் உங்களுக்கு ஏற்றவை. மருத்துவர் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்கிறார் என்பதை எழுதுங்கள். அதற்கேற்ப லிஸ்பன் நாட்களைக் குறைத்து, சமவெளியில் இருக்கும் எவோராவில் கூடுதலாகத் தங்கும்படி திட்டம் போட்டு அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்