ஒரு ஆளுக்குப் போட்ட கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவின் போனுக்கு நீ அனுப்பியதைப் பார்த்தேன். "செப்டம்பர் கடைசி, 10 நாள், யூரோப், ஒரு ஆளுக்கு, செலவு குறைவாக எங்கே என்று அப்பாவிடம் கேள்." என்னையே கேட்டிருக்கலாம். மூன்று வாரமாக என் போனை நீ எடுக்கவில்லை. வேலை இருக்கும். கேட்டதற்கு எழுதுகிறேன்.

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து மூன்றும் இந்தத் தடவை வேண்டாம். அங்கே பணத்தைத் தின்பது விமான டிக்கெட் இல்லை, அறை வாடகை. ப்ராக் மலிவு என்று இன்னும் சொல்வார்கள். பழைய நகரப் பக்கம் அந்தக் காலம் போய்விட்டது. உன் கணக்குக்கு ஹங்கேரியின் புடாபெஸ்ட் 5 இரவு, போலந்தின் க்ராக்கோ 4 இரவு. பல்கேரியாவில் இன்னும் குறைவாக ஆகும், ஒரே விசாவில் சுற்றி வருகிற ஷெங்கன் நாடுகளுக்குள் 2025 ஜனவரியில் முழுசாக வந்துவிட்டது, 2026-லிருந்து யூரோதான். ஆனால் 10 நாளில் மூன்றாவது மூலைக்கு ஓடாதே. செப்டம்பர் கடைசி நல்ல தேர்வு. புடாபெஸ்டில் கார் பந்தயமும் இசைத் திருவிழாவும் முடிந்து அறை விலை இறங்கியிருக்கும். இதை நீயாகவே யோசித்திருக்கிறாய், சந்தோஷம்.

டிக்கெட்டை 'மல்டி-சிட்டி' என்று போட்டுத் தேடு. புடாபெஸ்டில் இறங்கி க்ராக்கோவிலிருந்து திரும்புவது. ரிட்டர்ன் டிக்கெட்டை விடச் சற்றுக் கூடினாலும் வந்த வழியே திரும்பிப் போகிற பஸ் காசும் ஒரு நாளும் மிச்சம். ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் இமிக்ரேஷன் அங்கேயே முடியும், புடாபெஸ்டில் இல்லை. ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட் மலிவாகத் தெரியும், எடுக்காதே. கைரேகையும் முகப்படமும் பதிகிற புது முறையில் வரிசை நீளும். 3 மணி நேரம் இருக்கட்டும்.

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறாயோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். 5-க்கு 4 என்றால் ஹங்கேரி. சமமாகப் போட்டால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதாவது மார்ச் கடைசி. கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் கூலி தனி. இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. கணக்கில் பணம் காட்ட வேண்டும் என்று கடைசி வாரம் யாரிடமாவது வாங்கிப் போடாதே, அதைப் பார்த்தால்தான் சந்தேகப்படுவார்கள். உன் சம்பளம் மாதாமாதம் விழுவதே போதும். படிவத்தில் மல்டிபிள் என்ட்ரி கேள். பெல்கிரேடு பக்கம்தான், ஒரு எட்டுப் போய் வரலாம் என்று யாராவது அங்கே சொல்வார்கள். அது இருக்கிற செர்பியா ஷெங்கன் இல்லை. சிங்கிள் என்ட்ரியில் வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

புடாபெஸ்டிலிருந்து க்ராக்கோவுக்கு பஸ் 7 மணி நேரம். பகல் பஸ்ஸில் போ. இரவு பஸ்ஸில் ஒரு இரவு வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுவாய். விடியற்காலை 5 மணிக்கு இறக்கிவிடுவான், அறை மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பெட்டியோடு எங்கே உட்காருவாய்? பகல் பஸ்.

புடாபெஸ்டில் 7-ஆம் வட்டத்தில் அறை எடுக்காதே, இரவெல்லாம் மதுக்கடைச் சத்தம். 13-ஆம் வட்டம் அமைதி. விமான நிலையத்திலிருந்து 100-இ பஸ்ஸுக்குத் தனி டிக்கெட். 200-இ பஸ்ஸும் மெட்ரோவும் என்றால் சாதாரண டிக்கெட் போதும். மெட்ரோவில் ஒவ்வொரு டிக்கெட்டையும் மெஷினில் பதிய வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் பதியாததால் அபராதம் கட்டியவர்கள் அநேகம். 72 மணி பாஸ் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. க்ராக்கோவில் கஷிமியெஷ் பக்கம் தங்கு, சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தே போகலாம்.

கார்டு தேய்க்கும்போது 'ரூபாயில் எடுக்கவா' என்று மெஷின் கேட்கும். வேண்டாம் என்று சொல், அந்தந்த ஊர்ப் பணமான ஃபோரின்டிலும் ஸ்லோட்டியிலுமே எடுக்கட்டும். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலை.

சாப்பாட்டுக்கு க்ராக்கோவில் 'பார் ம்லெச்னி' என்ற பழைய காலத்து மலிவு உணவகங்கள் உண்டு. பியெரோகி ரஸ்கியெ நம் கொழுக்கட்டை மாதிரி, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். மேலே பன்றிக்கொழுப்பு வறுவலைத் தூவிவிடுவதும் உண்டு, 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று முன்கூட்டியே சொல். புடாபெஸ்டில் பீன்ஸ் சூப் என்றால் நம்பாதே, புகையூட்டிய பன்றிக்கறி கிடக்கும். போலந்தில் அநேக ஞாயிறும் பெரிய கடைகள் மூடல்; சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வை. இரவு பஸ் வேண்டாம் என்று எழுதிவிட்டேனா? வேண்டாம்.

அறைக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு ஆளுக்கு என்றால் பாதி வாடகை ஆகாது, இருவர் அறைக்கான காசை ஒருத்தியே தர வேண்டும். ஒரு ஆள் என்று திரும்பத் திரும்ப எழுதும்போது கை நின்றுவிட்டது. முப்பது வருஷம் அந்த டிக்கெட் மேசையில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளுக்கு வழி போட்டுக் கொடுத்தேன். நீ கேட்டபோது மட்டும் "கல்யாணம் ஆகட்டும், அவரோடு போ" என்றேன். இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். ஆவணியில் அந்தக் கல்யாணம் நின்றுபோனதற்கு நீ காரணம் இல்லை என்று அன்றைக்கு சித்தப்பா முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது, பாப்பா.

அம்மாவின் பாஸ்போர்ட் செல்லுபடியாகத்தான் இருக்கிறது என்று எழுதி அடித்துவிட்டேன். நீ தனியாகவே போ. பெண்கள் மட்டும் தங்கும் டார்மிட்டரி அறை இரண்டு ஊரிலும் கிடைக்கும். சின்னப் பூட்டு ஒன்று கொண்டு போ, லாக்கருக்குப் பல இடங்களில் பூட்டு தரமாட்டார்கள். இன்ஷூரன்ஸில் அவசரத்துக்கு யார் எண் என்று கேட்பார்கள், என் எண்ணைப் போடு. அங்கே இரவு 10 என்றால் இங்கே ஒன்றரை. போன் தலைமாட்டில்தான் இருக்கும்.

அப்பா