ஆய்வகக் கணினியில் உரிமத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் புதிய பருவத்துக்கு ஆய்வகக் கணினிகளைத் தயார் செய்யும்போது, மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறதா என்பதோடு பார்வை நின்றுவிடுகிறது. உரிமத்தில் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் குறைவு. பின்னாளில் திறமூலத் திட்டங்களில், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள் திட்டங்களில், பங்களிக்க வரும் மாணவர் அங்கேதான் இடறுகிறார்.

நிரல் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் (VS Code) எடிட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் மூலநிரல், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நிறுவும் பதிப்புக்கு உரிமம் வேறு. அந்நிறுவனத்தின் சி++ எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் சேர்க்கும் துணை நிரல்), பைதான் எழுத உதவும் பைலான்ஸ், சி ஷார்ப் நிரலில் பிழை தேடும் டீபக்கர் மூன்றையும் அதன் சொந்தத் தயாரிப்புகளுக்கு வெளியே பயன்படுத்த அனுமதி இல்லை. அதே மூலநிரலிலிருந்து உருவான விஎஸ்கோடியம் (VSCodium) என்ற எடிட்டரில் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தால் முரண்டு பிடிக்கும். நிறுவியதில்தான் கோளாறு என்று நினைத்து மாணவர்கள் அழித்து அழித்து மறுபடி நிறுவுகிறார்கள்.

மாற்று வழி இருக்கிறது. விஎஸ்கோடியம் தன் எக்ஸ்டென்ஷன்களை ஓப்பன் விஎஸ்எக்ஸ் (Open VSX) என்ற திறந்த களஞ்சியத்திலிருந்து எடுக்கிறது. சி++ எழுத கிளாங்டி (clangd), அதில் பிழை தேட கோட்எல்எல்டிபி (CodeLLDB), பைதானுக்கு பேஸ்டுபைரைட் (basedpyright), சி ஷார்ப்பில் பிழை தேட சாம்சங் வெளியிட்ட நெட்கோர்டிபிஜி (netcoredbg) போதும். கிளாங்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றைக் கோப்புப் பயிற்சிகள் அப்படியே ஓடும். பல கோப்புறைகள் உள்ள திட்டத்தில், ஒவ்வொரு கோப்பும் எப்படிக் கம்பைல் ஆகிறது என்ற பட்டியல் கிடைக்காவிட்டால் பிற கோப்புகளை இணைக்கும் ஹெடர் வரிகளெல்லாம் பிழை என்று சிவப்பாகிவிடும். அந்தப் பட்டியலை எழுதித் தரும் வசதி, திட்டத்தைக் கட்டுவதற்கான கோப்புகளைத் தயாரிக்கும் சிமேக் (CMake) கருவியிலேயே உண்டு. சிமேக் தரும் கட்டும் முறைகளில் மேக்ஃபைல் அல்லது நிஞ்சாவைத் தேர்ந்தெடுத்தால் அது வேலை செய்யும்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை உருவாக்கும் குழு, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் (BitKeeper) என்ற கருவியை 2002 முதல் இலவசமாகப் பயன்படுத்தியது. அதற்குப் போட்டியான கருவியை உருவாக்குவோர் இலவசப் பதிப்பைத் தொடக் கூடாது என்று உரிமம் தடுத்தது. 2005இல் இலவச அனுமதியே போயிற்று. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து அதற்கு மாற்றாக கிட் (Git) கருவியை எழுத வேண்டியதாயிற்று. அவரால் முடிந்தது, இறுதியாண்டு மாணவர் குழு என்ன செய்யும்?

ஆகவே ஆய்வகக் கையேட்டில் ஒவ்வொரு கருவியின் பெயருக்கும் பதிப்பு எண்ணுக்கும் பக்கத்தில் உரிமத்தின் பெயரையும், அது எங்கெல்லாம் செல்லாது என்பதையும் ஒரு வரியில் அச்சிடுமாறு கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆய்வகத்திலும் சில கணினிகளிலாவது விஎஸ்கோடியத்தையும் மேலே சொன்ன கருவிகளையும் நிறுவி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பரங்குன்றம், மதுரை.