பில்லில் தேதி குத்தப் போகிறேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் தொழில் செய்கிறவர்கள் எடுக்க வேண்டிய புத்தாண்டு உறுதிமொழிகள் என்று பத்திரிகைகளில் கட்டுரை வந்துவிடும். இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், அதிகாலையில் எழுந்திருங்கள் என்பார்கள். திருப்பூரில் 16 மெஷின் போட்டு, கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்கு, அதாவது ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கிறவள் நான். அதிகாலையில் எழ எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை யூனிட்டை உள்ளே பூட்டிக்கொண்டு, 2025ஆம் வருஷத்து நோட்டு மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன்.

நஷ்டத்துக்குக் காரணம் தெரிந்ததுதானே என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலிருந்து எங்களுக்குப் பீஸ் வரவில்லை. ஓவர்லாக் மெஷின்களைத் துணி போட்டு மூடி வைத்தோம். யார் கேட்டாலும் “டிரம்ப் வரிங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் எண்ணிப் பார்த்தால் அப்படி மூடிக் கிடந்தது 19 நாள்தான்.

பெரிய ஓட்டை ஏப்ரல் பக்கத்தில் இருந்தது. உள்ளூர் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனிக்கு 22,000 டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தோம். பீஸுக்கு 14 ரூபாய், மொத்தம் 3,08,000. இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. போன் செய்தால், “நம்ம கம்பெனிதானுங்க அக்கா, எங்க போயிரப் போகுது?” என்பார்கள். டெய்லருக்குச் சனிக்கிழமை சம்பளம் நிற்காது. 1,50,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டேன். எட்டு மாத வட்டி 24,000. நூல், கரண்ட், கூலி எல்லாம் போக எனக்குப் பீஸுக்கு நிற்பது ஒரு ரூபாய், அதாவது 22,000. அசலே வராத வேலைக்கு மேற்கொண்டு 2,000 ரூபாய் கைக்காசு போட்டிருக்கிறேன். பில் போட்ட பாவத்துக்கு ஜிஎஸ்டி 15,400 கட்டியது தனி.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்தது: குறு, சிறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, வேலை வாங்கிய கம்பெனி, பணம் கொடுத்த வருஷத்தில்தான் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். என் ஆடிட்டர் இதைச் சொன்ன அதே மாதம் இன்னொரு கம்பெனியில் கூப்பிட்டு, “உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்பத்தான் வேலை” என்றார்கள். உத்யம் என்பது குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு; அது இல்லாத யூனிட்டென்றால் இந்தப் பிடி அவர்களைத் தொடாது. நான் ரத்து செய்யவில்லை. ஆனால் பில்லில் உத்யம் நம்பரைப் போடுவதை விட்டுவிட்டேன். சட்டம் என் பெட்டியில் தூங்கியது, பூட்டினவளும் நான்தான். நாலு யூனிட்டில் விசாரித்தேன், நாலிலும் இதே கதை. கேட்டால் அடுத்த லாட் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் என்ற பயம். பயம் பொய்யும் இல்லை, உண்மையாகவே போகும்.

எங்கள் அப்பா மளிகைக் கடையில் படி அளக்கும்போது ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார், ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார். எண்ணிக்கையே லாபத்தில் தொடங்கும். நானோ பீஸை எண்ணினேன், நாளை எண்ணவில்லை.

சரி, என் உறுதிமொழிக்கு வருகிறேன். 180 ரூபாய் கொடுத்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கிவிட்டேன். உத்யம் நம்பர், ‘பணம் தரவேண்டிய கடைசித் தேதி’, பக்கத்தில் கையால் எழுத வெற்றிடம். ஜனவரி முதல் எல்லா பில்லிலும் அதைக் குத்தப் போகிறேன். ஒரு பில் பாக்கி இருக்கும்போது அதே பார்ட்டியின் மூன்றாவது லாட்டை இறக்குவதில்லை. இரண்டாவதையும் நிறுத்தத் தைரியம் வரவில்லை, பொய் சொல்வானேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 45 நாள் ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு மாதிரி போடுங்கள். ஆடிட்டர் கொடுத்தது ஆறு பக்க ஆங்கிலம். அதை நீட்டினால் கம்பெனி மேனேஜர் என்னைக் கேஸ் போட வந்தவளைப்போல் பார்க்கிறார். ஒரு பக்கமென்றால் டெலிவரி சலானோடு சேர்த்தே கையெழுத்து வாங்கிவிடுவேன்.

பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம். அந்த 3,08,000 இன்னும் வரவில்லை.

தையல் யூனிட் நடத்தும் வாசகி,
வேலம்பாளையம், திருப்பூர்